ரோமிங்கில் லாபம் பார்ப்பது எப்படி? மொபைல் நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாடு செல்லும் சந்தாதாரரின் போன் அங்குள்ள வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இயங்குவதே ரோமிங். 1992இல் டெலிகாம் ஃபின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் சர்வதேச ஜிஎஸ்எம் ரோமிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்குப் பின் நெடுங்காலம், பயன்பாடு குறைவு, விலை மிக அதிகம் என்ற கணக்கில்தான் இந்தத் தொழில் ஓடியது. அந்தக் கணக்கு இனி எடுபடாது. ரோமிங் பிரிவை நடத்துபவர்களையும் அதற்கு நிதி ஒதுக்குபவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பயணியின் சொந்த நிறுவனத்தைத் தாய் நெட்வொர்க் என்றும், சென்ற இடத்தில் சேவை தரும் நிறுவனத்தை அயல் நெட்வொர்க் என்றும் குறிப்பிடுகிறேன்.

ரோமிங்கில் பணம் எந்த வழிகளில் கைமாறுகிறது?

இரண்டு வழிகளில். பயணி தன் தாய் நெட்வொர்க்குக்குக் கொடுப்பது சில்லறைக் கட்டணம். தாய் நெட்வொர்க் அயல் நெட்வொர்க்குக்குக் கொடுப்பது மொத்தக் கட்டணம். அயல் நெட்வொர்க் ஒவ்வொரு பயன்பாட்டையும் பதிவு செய்து, டாப் எனப்படும் கோப்பு வடிவில், நிறுவனங்களுக்கிடையே கணக்கைத் தீர்த்துத் தரும் தீர்வகத்தின் வழியாக அனுப்பிவைக்கும். அந்தக் கோப்புகளில் விலை பெரும்பாலும் பன்னாட்டு நாணய நிதியம் பல நாணயங்களைக் கொண்டு மதிப்பிடும் எஸ்டிஆர் என்ற கணக்கு அலகில் இருக்கும். கோப்பு வடிவமும் தீர்வு நடைமுறையும் உலக மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ வகுத்தவை.

ஆக, ஒரே நிறுவனம் ஒரே நேரத்தில் வாங்குபவராகவும் விற்பவராகவும் இருக்கிறது. தன் சந்தாதாரர்கள் வெளியே போகும்போது வாங்குகிறது. அயலார் உள்ளே வரும்போது விற்கிறது. பல நிறுவனங்களில் இந்த இரண்டையும் தனித்தனி அதிகாரிகள் கவனிக்கிறார்கள், ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரிவதில்லை. பின்னால் வரும் பல இழப்புகளின் வேர் இதுதான்.

விலைகள் இவ்வளவு சரிந்த பிறகும் லாபத்துக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 15 ஜூன் 2017 முதல் தன் எல்லைக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. மொத்த விலைக்கும் உச்சவரம்பு வைத்தது. 2017இல் ஒரு ஜிகாபைட்டுக்கு 7.70 யூரோவாக இருந்த அந்த வரம்பு படிப்படியாக இறங்கி 2027இல் 1 யூரோவை எட்ட வேண்டும் என்பது இப்போதைய விதி. கூடுதல் கட்டணம் போனதும் பயணிகளின் டேட்டா பயன்பாடு பல மடங்கு பெருகியது. வெளிநாட்டில் இறங்கியதும் டேட்டாவை அணைத்துவிடுவது மக்களின் இயல்பு அல்ல, விலைக்குப் பயந்து செய்த காரியம் என்பது இதனால் ஐயமின்றித் தெரிந்தது.

அப்படி அணைத்துவிடுபவர்களைத் தொழிலில் மௌனப் பயணிகள் என்பார்கள். அவர்களுடைய போன் அயல் நெட்வொர்க்கில் பதிவாகும், ஆனால் ஒரு பைட்டும் நகராது. விடுதி வைஃபையில் காலத்தை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ரோமிங் வருமானத்தைப் பெருக்க நினைக்கும் எந்த நிறுவனத்துக்கும் முதல் சந்தை இவர்களே. ஏற்கெனவே பணம் கொடுப்பவரிடம் இன்னும் கொஞ்சம் கறப்பதைவிட, ஒன்றுமே கொடுக்காதவரை ஒரு நியாயமான தொகை கொடுக்க வைப்பதில்தான் பெரிய ஆதாயம் கிடைக்கும்.

மௌனப் பயணிகளைப் பயன்படுத்த வைப்பது எப்படி?

பயத்தை அகற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்குத் தள்ளுபடி விளம்பரம் போதாது. பயணி அறிய விரும்புவது ஒன்றே ஒன்று: திரும்பி வரும்போது எவ்வளவு பில் வரும்? அந்த எண்ணை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடிந்தால் அவர் டேட்டாவை அணைக்க மாட்டார். அமெரிக்காவின் டி-மொபைல் 2013இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் டேட்டாவையும் குறுஞ்செய்தியையும் கூடுதல் கட்டணமின்றி மாதத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. வேகம் மிகக் குறைவுதான். ஆனாலும் பில் அதிர்ச்சி என்ற பேச்சே அங்கு எழவில்லை. வேகம் வேண்டியவர்கள் தாமாகவே மேல் திட்டத்தை வாங்கிக்கொள்ளலாம்.

நாள் கட்டணத் திட்டங்கள் இன்று பரவலாக உள்ளன. அவற்றில் ஒரு சிறு நுணுக்கம் பெரிய மனக்கசப்பை உண்டாக்குகிறது. நாள் என்பதைத் தாய் நாட்டின் நள்ளிரவைக் கொண்டு கணக்கிட்டால், அந்த நேரப்படி இரவு 11 மணிக்கு விமானத்திலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம் பயன்படுத்தியவர் இரண்டு நாள் கட்டணம் செலுத்த நேரிடும். முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடுங்கள். அதனால் இழக்கும் தொகை சிறியது. அடுத்த பயணத்தில் அவர் உங்களிடமே திரும்பி வருவதன் மதிப்பு பெரியது.

வரவேற்புக் குறுஞ்செய்தியையும் திருத்தி எழுதுங்கள். ஐந்து விலைகளை அடுக்கிவிட்டு நிபந்தனைகளுக்கு இணைப்புத் தரும் செய்தியை யாரும் படிப்பதில்லை. "இன்று உங்களுக்கு இவ்வளவுதான் ஆகும், அதற்கு மேல் போகாது" என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைக் காப்பாற்ற, பின்னணியில் உடனுக்குடன் கணக்கிட்டு வரம்பை எட்டியதும் நிறுத்தும் அமைப்பு இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அது இல்லாமல் இந்த வாக்குறுதியைத் தரக் கூடாது.

பயண இ-சிம் விற்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களைக் கொண்டு போகிறார்களே?

ஆம், இன்னும் கொண்டு போவார்கள். 2022இல் ஆப்பிள் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் சிம் அட்டைக்கான இடமே இல்லை; போனுக்குள்ளேயே இருக்கும் மின்னணு சிம்மான இ-சிம் மட்டுமே. இரண்டாவது இணைப்பை ஒரு செயலியில் சில நிமிடங்களில் வாங்கிவிட முடிகிறது என்றால், வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்வார். ஏர்அலோ, ஹோலாஃப்ளை போன்ற பயண இ-சிம் நிறுவனங்கள் இந்த ஒப்பீட்டை எளிதாக்கியே வளர்ந்தன.

ஆனால் அவை விற்பதும் பெரும்பாலும் ரோமிங்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். எங்கோ உள்ள ஒரு மொபைல் நிறுவனத்தின் எண் தொகுதியை வாங்கி, அதன் ரோமிங் ஒப்பந்தங்களின் மீது சவாரி செய்கிறார்கள். ஆகவே மொத்த விலையில் அவர்களுக்கு விற்பதும் உங்களுக்குத் திறந்திருக்கும் வழியே. கவனமாகச் செய்ய வேண்டிய வழி அது. கூட்டாளி நிறுவனங்கள் உங்கள் சொந்த சந்தாதாரர்களை மனத்தில் வைத்துத் தந்த தள்ளுபடி விலையை, அறிமுகமில்லாத மறுவிற்பனையாளருக்கு அப்படியே கைமாற்றினால், அடுத்த பேச்சுவார்த்தையில் அந்தக் கூட்டாளி கதவை அடைப்பார். மறுவிற்பனைக்குத் தனி எண் வரிசை, தனி ஒப்பந்தம், தனி விலை என்று வெளிப்படையாகப் பிரித்துவைப்பதுதான் நிலைக்கும்.

உங்களிடம் இருக்கும் அனுகூலம் பயணியின் தொலைபேசி எண். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருவதும், வீட்டிலிருந்து அழைப்பு வருவதும் அந்த எண்ணுக்கே. அந்த வசதிக்காகப் பயணி இ-சிம் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவார். பல மடங்கு தரமாட்டார். இந்த இடைவெளியை எவ்வளவு அகலமாக வைக்கலாம் என்பதை ஒவ்வொரு நாட்டுக்கும் அளந்து பார்த்தே விலை வைக்க வேண்டும்.

மொத்த விலைப் பேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டியல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை. நிறுவனங்கள் தமக்குள் தள்ளுபடி ஒப்பந்தம் செய்கின்றன: இத்தனை டேட்டா அனுப்புகிறேன், இந்த விலை கொடு; அனுப்பாவிட்டாலும் பணம் தருகிறேன். இந்தக் கடைசி உறுதிமொழியே தள்ளுபடியின் விலை. மதிப்பீடு தவறினால் பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். 2020இல் பயணம் உலகெங்கும் நின்றபோது, உறுதி கூறிய அளவை எட்ட முடியாத நிலை பரவலாக ஏற்பட்டது. பயணம் பெருமளவில் தடைபட்டால் உறுதியளித்த அளவு தானாகக் குறையும் என்ற ஒரு விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது ஒரு பத்தி வேலை. அதைச் சேர்க்கத் தவறாதீர்கள்.

உறுதி கூறிய அளவை நிறைவேற்றும் கருவி, பயணியின் போனை விரும்பிய கூட்டாளி நெட்வொர்க்குக்குத் திருப்பிவிடும் வழிநடத்தல். பழைய முறையில், தவறான நெட்வொர்க்கில் பதிவு செய்ய வரும் கோரிக்கையைத் தாய் நெட்வொர்க் சில முறை நிராகரிக்கும். போன் சலித்து வேறொன்றைத் தேடும். பயணியின் பார்வையில் இது "போன் எடுத்ததும் சிக்னல் இல்லை" என்ற அனுபவம். 5ஜியில் இது மேம்பட்டுள்ளது: பதிவின்போதே, இடையில் யாரும் திருத்த முடியாதபடி பாதுகாக்கப்பட்ட விருப்பப் பட்டியலைத் தாய் நெட்வொர்க் போனுக்கு அனுப்ப முடியும்.

விலையை மட்டும் பார்த்து வழிநடத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மலிவான கூட்டாளியின் சேவை மோசமாக இருந்தால் பயணி குறைவாகவே பயன்படுத்துவார், அல்லது இ-சிம் வாங்கிவிடுவார். ஒரு ஜிகாபைட்டில் மிச்சம் பிடித்த சில்லறைக்காக ஒரு வாடிக்கையாளரையே இழப்பது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது.

வோல்டிஇ ரோமிங்கை இவ்வளவு அவசரமாகப் பார்ப்பது ஏன்?

பழைய நெட்வொர்க்குகள் மூடப்படுகின்றன. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை நிறுத்திவிட்டன. ஜெர்மனி 2021இலேயே நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் முடித்தது. 2ஜியும் 3ஜியும் இல்லாத இடத்தில், 4ஜி வழியாகக் குரல் அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்டிஇ ஒப்பந்தம் இல்லை என்றால், உங்கள் சந்தாதாரரின் போனில் டேட்டா ஓடும், ஆனால் பேச முடியாது. அவசர உதவி எண்ணை அழைப்பதும் சிக்கலாகலாம். வருமானத்தைப் பற்றிப் பேசும் முன் இது உயிர் தொடர்பான பொறுப்பு. அந்தக் காரணத்துக்காகவே இதை முதல் இடத்தில் வைக்கிறேன்.

இன்று பெரும்பாலும் கையாளப்படுவது எஸ்8எச்ஆர் என்ற முறை. குரலும் டேட்டாவைப் போலவே அயல் நெட்வொர்க்கைக் கடந்து தாய் நெட்வொர்க்குக்கு வந்து, அங்கிருந்து அழைப்பாகிறது. அயல் நெட்வொர்க் தன் பங்குக்குத் தரம் உறுதி செய்யப்பட்ட தடத்தை ஒதுக்க வேண்டும். அவசர அழைப்புகளை உள்ளூரிலேயே கையாள வேண்டும். உள்நாட்டுச் சட்டம் கோரும் கண்காணிப்பு வசதியையும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

பணக் கணக்கு இங்கேதான் மாறுகிறது. முன்பு அயல் நெட்வொர்க் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தது. இப்போது அதன் கண்ணுக்குத் தெரிவது பைட்டுகள் மட்டுமே, அதுவும் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. சாதாரண டேட்டா விலைக்கு அதை விற்றால் குரல் வருமானம் ஏறக்குறைய மறைந்துவிடும். தரம் உறுதி செய்யப்பட்ட தடத்துக்குத் தனி விலை கேட்பது நியாயம். அதற்கு அந்தப் பைட்டுகளைப் பிரித்து எண்ணும் வசதி பில்லிங்கில் இருக்க வேண்டும். ஜிஎஸ்எம்ஏ வகுத்த பிசிஇ என்ற புதிய தீர்வு முறை, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவு என்ற பழைய வழக்கத்துக்கு மாற்றாக மொத்தத் தொகைகளைப் பரிமாறிக்கொள்ள இடம் தருகிறது. பெருகிவரும் பதிவுகளின் சுமைக்கு அது நல்ல விடை.

இன்னொரு பலன் அதிகம் பேசப்படுவதில்லை. முன்பணச் சந்தாதாரர்களுக்குக் குரல் ரோமிங் தர, கேமல் என்ற தனி நெறிமுறை இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. அதனால் பல நாடுகளில் அவர்களுக்குக் குரல் சேவையே கிடைக்கவில்லை. எஸ்8எச்ஆரில் அழைப்பு தாய் நெட்வொர்க்கின் வழியே போவதால், இருப்புத் தொகையை அங்கேயே உடனுக்குடன் கழிக்கலாம். முன்பணச் சந்தாதாரர்கள் மிகுந்த நிறுவனங்களுக்கு இது புதிதாகத் திறக்கும் சந்தை.

5ஜி ரோமிங் கூடுதல் வருமானம் தருமா?

வேகத்துக்காக மட்டும் பயணி கூடுதல் பணம் தருவார் என்று நான் நம்பவில்லை. எஸ்கே டெலிகாமும் சுவிஸ்காமும் ஜூலை 2019இலேயே 5ஜி ரோமிங்கைத் தொடங்கின; ஆனால் அது நெட்வொர்க்கை இயக்கும் 4ஜி மைய அமைப்பின் மேல் நிற்கும் வகை. தனித்து நிற்கும் 5ஜி மையங்களுக்கிடையே ரோமிங் வேண்டும் என்றால், இரு பக்கமும் செப் எனப்படும் எல்லைப் பாதுகாப்புக் கருவி அமைத்து, நெட்வொர்க்குகள் தமக்குள் பரிமாறும் கட்டுப்பாட்டுச் செய்திகளான சமிக்ஞைகளை மறைகுறியாக்கி அனுப்ப வேண்டும். பழைய சமிக்ஞை நெறிமுறையான எஸ்எஸ்7 காலத்தில் யாரும் யாரையும் நம்பிவிடும் நிலை இருந்தது. அதன் ஓட்டைகளைத் தொழில் இன்றும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தச் செலவு நியாயமானதே.

வருமானம் வரக்கூடிய இடம் தாமதம். பயணியின் டேட்டா முழுவதும் தாய் நாட்டுக்குப் போய்த் திரும்பினால், 10,000 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒளியிழையில் போய்வரவே குறைந்தது 100 மில்லிவினாடி ஆகும். எந்தக் கோபுரமும் அதைக் குறைக்க முடியாது. டேட்டா வெளியேறும் வாயிலைப் பயணி இருக்கும் பிராந்தியத்திலேயே வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். காணொளிக் கூட்டங்களை நம்பி வேலை செய்யும் நிறுவன வாடிக்கையாளர்களுக்கு இதைத் தனித் தர உறுதியுடன் விற்கலாம். அவர்கள் விலையைவிட உறுதியைப் பெரிதாகக் கருதுபவர்கள்.

பொருள்களின் இணையம்: கருவிகளுக்கான ரோமிங்கில் பணம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் டேட்டா அளவில் இல்லை. ஒரு மின் அளவி மாதம் முழுதும் அனுப்புவது சில கிலோபைட்டுகளாக இருக்கலாம். ஆனால் அது பதிவு செய்கிறது, துண்டிக்கிறது, மறுபடி பதிவு செய்கிறது. சரியாக எழுதப்படாத மென்பொருள் கொண்ட ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் மீண்டும் இணைய முயன்றால், அயல் நெட்வொர்க்கின் சமிக்ஞைப் பகுதியே திணறும். பைட்டுக்கு விலை வைத்தால் இந்தச் செலவு எதுவும் திரும்பி வராது. செயல்பாட்டில் உள்ள ஒவ்வொரு சிம்முக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பதுதான் இருவருக்கும் நியாயம்.

அதற்கு, உள்ளே வரும் சிம்களில் எது மனிதருடையது, எது கருவியுடையது என்று தெரிய வேண்டும். கருவிகளுக்குத் தனி எண் வரிசை ஒதுக்கிக் கூட்டாளியிடம் அறிவிப்பது நல்ல வழக்கம். அறிவிக்காமல் கலந்து அனுப்புபவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க, பல மாதங்களாக ஒரே கோபுரத்தின் அருகில் நகராமல் இருக்கும் "பயணிகளை" வடிகட்டிப் பார்த்தாலே போதும்.

அயல் சிம் ஒரே நாட்டில் நிலையாக இயங்கும் நிரந்தர ரோமிங்கைப் பிரேசில், துருக்கி போன்ற நாடுகள் கட்டுப்படுத்துகின்றன. பத்தாண்டுகள் ஓட வேண்டிய கருவியை அங்கே அயல் சிம்முடன் பொருத்துவது, எந்த நாளும் அறுந்துபோகக்கூடிய இணைப்பை விற்பதாகும். 2023இல் ஜிஎஸ்எம்ஏ வெளியிட்ட எஸ்ஜிபி.32 என்ற இ-சிம் தரநிலை, திரையோ விசைப்பலகையோ இல்லாத கருவிகளிலும் தொலைவிலிருந்தே உள்ளூர் நிறுவனத்தின் இணைப்பை ஏற்ற வழி செய்கிறது. முதல் நாள் ரோமிங்கில் தொடங்கி, பிறகு உள்ளூர் இணைப்புக்கு மாற்றி, இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் நிர்வகித்துத் தருவதே கருவி உற்பத்தியாளர்கள் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் சேவை.

வருவாய் எங்கெல்லாம் கசிகிறது?

விலைப் பட்டியல் பில்லிங்கில் புதுப்பிக்கப்படாமல் இருப்பது, தள்ளுபடி கணக்கிடப்படாமல் ஆண்டு முடிவது, அனுப்பிய கோப்பு நிராகரிக்கப்பட்டதை யாரும் கவனிக்காமல் விடுவது. எல்லாம் சலிப்பூட்டும் வேலைகள், ஆனால் லாபம் இவற்றில்தான் தேய்கிறது.

மோசடி தனிக் கதை. திருடிய அல்லது பொய்ப் பெயரில் வாங்கிய சிம்மை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், அழைப்பு வருமானத்தில் மோசடிக்காரருக்குப் பங்கு தரும் சர்வதேச எண்களுக்கு இடைவிடாமல் அழைப்பது நெடுங்காலமாக நடக்கிறது. தாய் நெட்வொர்க்குக்குத் தகவல் வந்து சேர்வதற்குள் பெரும் தொகை போய்விடும். இதற்காகவே, அயல் நெட்வொர்க் பயன்பாட்டுப் பதிவை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்ற என்ஆர்டிஆர்டிஇ விதி வந்தது; முன்பு இருந்த அவகாசம் 36 மணி நேரம். தாமதித்தால் இழப்பு அயல் நெட்வொர்க்கின் தலையில் விழும். வாரக் கடைசியிலும் விடுமுறை நாட்களிலும் மோசடி கூடும். அப்போது எச்சரிக்கையைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதைச் சரிபாருங்கள்.

ரோமிங் தகவலையே விற்க முடியுமா?

ஒரு பயன் தெளிவாகத் தெரிகிறது. வெளிநாட்டில் அட்டை தேய்க்கப்படும்போது, அந்த வாடிக்கையாளரின் போனும் அதே நாட்டில் இருக்கிறதா என்று வங்கி கேட்டறிந்தால், உண்மையான பரிவர்த்தனையைத் தடுக்க வேண்டியதில்லை, போலியை நிறுத்திவிடலாம். 2023இல் ஜிஎஸ்எம்ஏ தொடங்கிய ஓப்பன் கேட்வே முயற்சியும், அதற்கான இடைமுகங்களை வகுக்கும் கமாரா என்ற திட்டமும் இத்தகைய கேள்விக்குப் பொது வடிவம் தந்துள்ளன. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அவர் இருக்கும் நாடு எது என்பது அவருடைய தகவல், நிறுவனத்தின் சொத்து அல்ல.

செயற்கைக்கோள் வழி நேரடி இணைப்பு ரோமிங்கைப் பாதிக்குமா?

இப்போதைக்கு அது ரோமிங்கின் இன்னொரு வடிவமே. மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் வெளியீடு செயற்கைக்கோள் நெட்வொர்க்குகளையும் தரநிலைக்குள் கொண்டுவந்தது. கோபுரம் இல்லாத இடத்தில் போன் செயற்கைக்கோள் நிறுவனத்தில் பதிவாகும். கணக்கு ரோமிங் வழியிலேயே தீர்க்கப்படலாம். மலையேறுபவர், மீனவர், சரக்கு லாரி ஓட்டுநர் ஆகியோருக்கு மாதச் சிறு கூடுதல் கட்டணத்தில் தரலாம்.

நாங்கள் சிறிய நிறுவனம். இத்தனைக்கும் எங்களிடம் ஆள் இல்லையே?

நேரடி ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் சட்டப் பேச்சு, சோதனை சிம் பரிமாற்றம், அழைப்புச் சோதனை, பில்லிங் சோதனை எல்லாம் தேவை. 700 நிறுவனங்கள் ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பந்தம் செய்ய நினைத்தால் 2,44,650 ஒப்பந்தங்கள் வேண்டும். ரோமிங் மையங்கள் தோன்றியது அதனால்தான்: ஒருவரோடு இணைந்தால் அவரோடு இணைந்த எல்லோரும் கிடைப்பார்கள். மையத்துக்குக் கட்டணம் உண்டு, விலையும் நேரடிப் பேரத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

உங்கள் சந்தாதாரர்கள் அதிகம் செல்லும் நாடுகளையும், உங்களிடம் அதிகம் வருபவர்களின் நாடுகளையும் பட்டியலிடுங்கள். பெரும்பாலும் விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளிலேயே போக்குவரத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். அவற்றுக்கு நேரடி ஒப்பந்தமும் வோல்டிஇ சோதனையும் செய்யுங்கள். மீதி உலகத்தை மையத்திடம் விடுங்கள். பிறகு, அந்தப் பட்டியலில் முதல் நாட்டுக்குச் செல்லும் உங்கள் சந்தாதாரர்களில் எத்தனை பேர் மௌனமாகத் திரும்புகிறார்கள் என்பதை மாதம்தோறும் எண்ணத் தொடங்குங்கள். பதிவான போன்கள் எத்தனை, டேட்டா நகர்ந்த போன்கள் எத்தனை என்ற இரண்டு எண்களும் உங்கள் அமைப்பில் ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றை ஒரே தாளில் எழுதத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.